ரோபோட்ரான் கேபினட்: ஒரு பழுது தீர்ந்தால் அடுத்தது முளைக்கிறது

வேலன்_சிகாகோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1982ஆம் ஆண்டு சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோபோட்ரான்: 2084 விளையாட்டின் காசு போட்டு ஆடும் ஆளுயரக் கேபினட் ஒன்றை, இயங்காத நிலையில், ஒரு பழம்பொருள் கிடங்கில் வாங்கினேன். ஒரு ஜாய்ஸ்டிக்கால் நகர்ந்துகொண்டே மற்றொன்றால் எட்டுத் திசையிலும் சுட வேண்டிய அந்த விளையாட்டின் மீதுள்ள ஆசையைத் தவிர வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. சிறிய பழுதுதான் என்று விற்றவர் சொன்னார். பின்கதவைத் திறந்து பார்த்தபோது, எரிந்த ஃபியூஸ் ஒன்றின் மீது அலுமினியத் தாளைச் சுற்றி யாரோ மீண்டும் பொருத்தியிருந்தார்கள்.

சரியான ஃபியூஸ்களைப் போட்டு இயக்கினால், திரையில் வண்ணக் கம்பளம் போன்ற சோதனைக் கோலம் விரிகிறது. பிறகு இயந்திரம் நின்றுவிடுகிறது. ரோம் பலகையில் (விளையாட்டின் நிரல் நிலையாகப் பதிந்த சிப்புகள் உள்ள பலகை) இருக்கும் ஒற்றை இலக்க விளக்கு காட்டிய எண்களைக் கையேட்டில் பார்த்தால், ரேம் (தற்காலிக நினைவகம்) பழுது என்று இருந்தது. ஒரு பழுதுபார்ப்பவர் சில ரேம் சிப்புகளை மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு விளக்கு ரோம் பழுது என்கிறது. மறுநாள் எதையும் தொடாமலேயே விளையாட்டு சிறிது நேரம் ஒழுங்காக ஓடியது. அன்று மாலையே மறுபடியும் ரேம் பழுது என்றது. இதற்கிடையில் படமும் பக்கவாட்டில் சுருங்கி நெளிகிறது.

மொத்தமுள்ள 24 ரேம் சிப்புகளையும் மாற்றிவிடுவதா, அல்லது பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய மாற்றுப் பலகை ஒன்றைப் போட்டுவிடுவதா என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்களின் யோசனையைக் கேட்கிறேன்.

சால்டர்புகை எழுதியது:

நண்பரே, முதலில் சிப் மாற்றுவதை நிறுத்துங்கள். நாளுக்கொரு பழுதைக் காட்டும் இயந்திரத்தில் கெட்டுப்போனது பெரும்பாலும் சிப்பாக இருப்பதில்லை. ஒன்றை மற்றொன்று தொடும் இடமாகவே இருக்கும். ரேம் மாற்றிய பின் பழுது ரோமுக்கு நகர்ந்ததற்கும், பழுதுபார்ப்பவர் பலகையைக் கழற்றி மாட்டியதில் தொடுமுனைகள் சற்றே இடம் மாறியிருப்பதே காரணமாக இருக்கலாம்.

மல்டிமீட்டரை எடுத்து, 5 வோல்ட் மின்னழுத்தத்தைப் பவர் சப்ளையில் அளக்காமல், சிபியு (மையச் செயலி) பலகையின் மறுகோடியில் உள்ள ஏதேனும் ஒரு சிப்பின் கால்களில் அளந்து பாருங்கள். அந்தக் காலத்து டிடிஎல் வகைத் தர்க்கச் சிப்புகளுக்கு 4.75 வோல்ட் என்பது கீழ் எல்லை. பவர் சப்ளையில் 5.1 வோல்ட் இருந்து, சிப்பின் காலில் 4.6 மட்டும் இருந்தால், இடையிலுள்ள அரை வோல்ட் கனெக்டர் முட்களில் சூடாகக் கரைகிறது என்று பொருள். நாற்பது ஆண்டுகளாக அந்த முட்கள் சூடேறிச் சூடேறித் தகரப் பூச்சை இழந்திருக்கும். பிளாஸ்டிக் உறை பழுப்பு நிறமாகியிருந்தால் வேறு சான்றே தேவையில்லை. பலகையில் பற்றவைத்த ஆண் முனையை மட்டும் புதிதாக்கி, கம்பியின் முனையிலுள்ள பெண் முனையை அப்படியே விட்டுவிடுவது பலரும் செய்வது. தளர்ந்த பெண் முனை புதிய முள்ளையும் விரைவில் கருக்கிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; முள்ளை மூன்று பக்கமும் தொடும் வகை முனைகள் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குங்கள்.

அதே கையோடு எதிர்ம 5 வோல்ட்டையும் பாருங்கள். உங்கள் பலகையில் இருப்பவை 4116 வகை ரேம்கள். அவற்றுக்கு 12, 5, எதிர்ம 5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். எதிர்ம 5 இல்லாமல் மற்ற இரண்டும் வந்தால் நல்ல சிப்பும் பாழாகிவிடும். இதைச் சரிபார்க்காமல் புதிய ரேம்களைப் பொருத்துவது அவற்றைப் பலி கொடுப்பதற்குச் சமம்.

மின்னழுத்தம் சீரான பிறகு, சிபியு பலகையையும் ரோம் பலகையையும் இணைக்கும் 40 முள் இணைப்புக்கு வாருங்கள். முகவரிகளும் தரவும் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. ஒரு முள் விட்டு விட்டுத் தொட்டாலும், இயந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்போது தவறான விடையைப் படித்துவிட்டு ரேமின் மீதோ ரோமின் மீதோ பழியைப் போடும். நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. முட்களின் அடியில் உள்ள சால்டரை உருப்பெருக்கியால் பார்த்தால், முள்ளைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரியும்.

இவை அனைத்தும் முடிந்த பிறகும் பழுது இருந்தால் மட்டுமே ரோம்களைச் சந்தேகிக்க வேண்டும். நான்கு கிலோபைட் கொண்ட 12 ரோம்களையும் படித்து, பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டர் மென்பொருளின் பட்டியலில் உள்ள சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிடலாம். அவை 2532 வகையின் கால் அமைப்பைக் கொண்டவை, 2732 அல்ல. இன்று விற்கும் மலிவான ரீடர்கள் பலவற்றுக்கு இதற்காக ஓர் அடாப்டர் தேவைப்படும்.

மணிமேகலை_கே எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் பேட்டரியை யாரும் கேட்கவில்லையே! சிபியு பலகையில் உயர்ந்த புள்ளிகளையும் அமைப்புகளையும் காக்க மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். அவை கசிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கசிவை அமிலம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அல்கலைன் பேட்டரியில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். ஆகவே சமையல் சோடாவால் துடைப்பதில் பயனில்லை. வெள்ளை வினிகரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, நீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை நீக்க வேண்டும். பச்சை பூத்த செப்புத் தடங்களின் மீது சால்டர் ஒட்டாது. பளபளப்பு தெரியும் வரை சுரண்டிய பிறகே பற்றவைக்க முடியும். சாக்கெட்டுகளின் உள்ளேயும் அந்தக் காரம் ஊர்ந்திருக்கும்.

சுத்தம் செய்தபின் மீண்டும் ஏஏ பேட்டரிகளை அங்கேயே வைக்காதீர்கள். மின்சாரமின்றியும் நினைவைக் காக்கும் சிறு நினைவகத் தட்டுகள் புள்ளிகளைப் பதிந்து வைக்கும் சிமாஸ் ரேம் சிப்பின் இடத்திலேயே பொருந்தும்படி விற்கப்படுகின்றன. காசு வடிவ லித்தியம் பேட்டரி போடுவதானால் டையோடு ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் இயந்திரம் ஓடும்போது, மின்னேற்றம் செய்யக்கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் பாய்ந்துவிடும்.

குழாய்த்திரை எழுதியது:

படம் சுருங்குவதும் நெளிவதும் தனிப் பழுது; அதைப் பலகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மானிட்டரின் மின்வழங்கல் பகுதியில் உள்ள மின்னாற்பகுப்புக் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும். உங்கள் மானிட்டர் சேசியின் (திரையை இயக்கும் மின்சுற்றுப் பகுதியின்) எண்ணைச் சொன்னால் அதற்குரிய கெப்பாசிட்டர் தொகுப்பு கிடைக்கும். மாற்றும்போது படக்குழாயின் கழுத்தில் செருகியிருக்கும் நெக் பலகையிலும், உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் அருகிலும் உள்ள சால்டர் விரிசல்களையும் பற்றவைத்துவிடுங்கள்.

இதை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: படக்குழாயின் பக்கவாட்டில் உறிஞ்சுகுப்பி போன்ற ரப்பர் மூடியின் கீழ் ஓடும்போது சுமார் இருபதாயிரம் வோல்ட் இருக்கும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கே மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை முறையாகச் சேசியின் தரைக்கம்பிக்கு வெளியேற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. சேசியைக் கேபினட்டிலிருந்து எடுத்து மேசையில் சோதிப்பதாக இருந்தால், நேரடி மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவர் மின்சாரத்தில் செருகவும் கூடாது.

பொத்தான்_ராஜா எழுதியது:

நான் வேறு கருத்துச் சொல்கிறேன். வில்லியம்ஸின் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றை ஒரே எஃப்பிஜிஏ (வேண்டியபடி சுற்றமைப்பை மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகையில் ஓட்டும் மாற்றுப் பலகைகள் இருக்கின்றன. விளையாடத்தானே வாங்கினீர்கள்? மாதக்கணக்கில் சால்டரிங் அயனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் தங்கள் இயந்திரத்தில் ஒரு முழு ஆட்டம் ஆடியதில்லை. மூலப் பலகைகளைப் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். வருங்காலத்தில் வாங்குபவர் விரும்பினால் பழுதுபார்க்கட்டும். பழைய படக்குழாய் மானிட்டரை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு எல்சிடி வைக்காதீர்கள். அதில் எனக்கும் மற்றவர்களோடு கருத்து வேறுபாடு இல்லை.

சால்டர்புகை எழுதியது:

பொத்தான்_ராஜா சொல்வதை நான் எதிர்க்கவில்லை. சிபியு பலகையின் தடங்கள் கசிவில் முழுவதும் அரிக்கப்பட்டிருந்தால் நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் கருகிய கனெக்டரும் தளர்ந்த ஜாய்ஸ்டிக் இலைச் சுவிட்சுகளும் மாற்றுப் பலகை வந்தாலும் அந்தக் கேபினட்டிலேயே இருக்கும். புதிய பலகைக்கும் 5 வோல்ட் வேண்டும். எப்படியும் செய்ய வேண்டிய அந்த வேலையை முதலில் செய்துவிட்டு, பழைய பலகைகள் எழுகின்றனவா என்று பார்த்த பிறகு செலவை முடிவு செய்யலாம் என்பதே என் வாதம்.

வேலன்_சிகாகோ எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சால்டர்புகை ஐயா சொன்னபடி அளந்தேன். பவர் சப்ளையில் 5.05 வோல்ட், ரோம் பலகையின் ஓரச் சிப்பில் 4.58. எதிர்ம 5 சரியாக உள்ளது. கனெக்டரின் உறையில் இரண்டு துளைகள் கருகியிருக்கின்றன. பேட்டரிப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் பச்சை படிந்திருக்கிறது. தடங்கள் தப்பியிருப்பதாகத் தோன்றுகிறது. இரு பக்க முனைகளுக்கும் 40 முள் இணைப்புக்கும் பொருள் வரவழைத்திருக்கிறேன். மானிட்டர் சேசியின் எண் கே4900 வரிசையைச் சேர்ந்தது. பவர் சப்ளையில் உள்ள பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டரையும் இப்போதே மாற்றிவிடலாமா?

சால்டர்புகை எழுதியது:

மாற்றிவிடுங்கள், அதோடு மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கெப்பாசிட்டரின் மின்னழுத்த அளவுக்குக் குறையாததாக வாங்குங்கள், முனைகளின் திசையைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். பலகைகளை இணைக்காமல் பவர் சப்ளையை மட்டும் இயக்கி, எல்லா மின்னழுத்தங்களையும் ஒருமுறை அளந்த பிறகு பலகையைச் செருகுங்கள். அப்போதும் விளக்கு ரேம் என்றால், அது காட்டும் எண் வரிசையை இங்கே எழுதுங்கள்.