கொங்குப் பெருவழியில் மூன்று நாள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் வரை போன பழைய வணிகப் பாதையில், தை மாதம் அப்பாவோடு மூன்று நாள் பயணம் போகலாம் என்றிருக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு.

முதல் ஆசை கொடுமணல். நொய்யல் கரையில் பளிங்கு, சூதுபவளம், நீலக்கல் எல்லாம் மணியாகக் கடைந்த ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இதுதான் என்கிறார்கள். அகழாய்வுக் குழிகளை மூடிவிட்டிருந்தாலும் அந்த மண்ணில் அப்பாவை ஒருமுறை நிற்க வைக்க வேண்டும். பெருங்கற்கால ஈமச்சின்னங்களை இப்போதும் பார்க்க முடிகிறதா? சென்னிமலையிலிருந்து பேருந்து உண்டா, ஆட்டோதானா?

அப்புறம், சேர மன்னர் பெயர்கள் வரும் தமிழி (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டுகள் உள்ள புகழூர் ஆறுநாட்டார் மலை. குகைத்தளம் வரை படி இருக்கிறதா? அரச்சலூர் இசைக் கல்வெட்டுக்கு ஏறுவது கடினம் என்றால் அதை விட்டுவிடுகிறேன்.

கரூரில் ரோமானியக் காசுகளை எங்கே பார்க்கலாம்? ஒரு மாலையை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு வைத்திருக்கிறேன், தையில் பறவைக் கூட்டம் நன்றாக இருக்குமா?

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். உள்ளூர் ஆட்கள் யாராவது கூட வந்து காட்டினால் இன்னும் நல்லது.