பனிக்காலத்தில் கோய் மீன்களுக்குப் பூஞ்சை: ஆலோசனை தேவை

உதகை அருகே தலைக்குந்தாவில், எங்கள் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டியில் வளரும் கோய் எனும் அலங்காரக் கெண்டை மீன்களுக்கு, மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து வால் ஓரத்திலும் செதில் உதிர்ந்த இடங்களிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் வளர்ந்து வருகிறது. தொட்டி 8 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஏறத்தாழ 3,400 லிட்டர் கொள்ளும். விடியற்காலையில் நீர் 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி, நண்பகலில் 12 வரை ஏறுகிறது. புல்தரை வெளுத்துக் கிடக்கும் காலைகளில் மீன்கள் அடிமூலையில் ஒருக்களித்துக் கிடக்கின்றன, ஒன்று இறந்துவிட்டது.

10 டிகிரிக்குக் கீழே செரிமானம் மந்தமாகும் என்பதால் தீவனத்தை நிறுத்திவிட்டேன். இரவில் தொட்டியின்மேல் தார்ப்பாய் போர்த்துகிறேன். அடிநீர் கலங்காமலிருக்கக் காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல்லை நீர்மட்டத்துக்கு அருகே தொங்கவிட்டிருக்கிறேன். அம்மோனியா சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. அல்லிக்கொடிகள் இருப்பதால் தொட்டியில் உப்பிடாமல், நோயுற்றவற்றை வீட்டுக்குள் தனி டப்பில், லிட்டருக்கு 3 கிராம் வீதம் அயோடின் சேராத கல்லுப்பு கரைத்து விட்டேன்; அங்கே படலம் குறைகிறது, தொட்டிக்குத் திரும்பியதும் மறுபடி படர்கிறது. மீன் கடைக்காரர் மெத்திலின் நீலம் என்ற பூஞ்சை மருந்தே போதும் என்கிறார். இந்தக் குளிரில் அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மலைப்பகுதியில் கோய் வளர்த்த அனுபவமுள்ளவர்கள், இந்த மீன்களை மாசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பராமரிப்பது சரியா என்று கூற முடியுமா?