ரூவை நானும் வெள்ளைச் சிறுமியாகத்தான் நினைத்திருந்தேன்

மழைக்குருவி:
சிறுவர் சிறுமியரைச் சாகும்வரை மோதவிடும் போட்டியைப் பற்றிய 'ஹங்கர் கேம்ஸ்' நாவலை இரண்டாவது முறையாகப் படிக்கிறேன். ரூ என்ற சிறுமி வரும் இடத்திலேயே அடர்பழுப்புத் தோல், பழுப்புக் கண்கள் என்று தெளிவாக இருக்கிறது. முதல் முறை அது என் கண்ணில் படவே இல்லை, பொன்னிற முடியோடு ஒரு குழந்தையை நினைத்துக்கொண்டு அவள் சாகும்போது அழுதேன். 2012இல் படம் வந்து அந்த வேடத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்தபோது, ரூ கறுப்பா, அப்படியென்றால் அவ்வளவு வருத்தமில்லை என்றெல்லாம் ட்விட்டரில் எழுதினார்கள். அன்றைக்கு அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானே கறுப்புதான், நான் ஏன் அப்படிப் படித்தேன்? உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தாழ்வாரம்:
எனக்கும்தான். ரூவைப் பார்த்ததும் கதாநாயகி காட்னிஸுக்குத் தன் தங்கை பிரிம் ஞாபகம் வருகிறது, பிரிம்முக்குப் பொன்னிற முடி, அதில் குழம்பிவிட்டோம் என்று சொல்லலாம். ஆனால் அது பாதிக் காரணம்தான். ரூவின் 11ஆம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள், அவர்கள் விளைவிப்பதை அவர்களே தின்றால் ஊரார் முன்னால் சவுக்கடி. அமெரிக்கத் தோட்டங்களின் அடிமைக் காலம் அப்படியே தெரிகிறது, நான் அதையும் வெறும் கற்பனை என்று தாண்டிப் போனேன்.

நூல்வண்டி:
மேலரி பிளாக்மேனின் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' படித்துவிடுங்கள், 2001இல் வந்தது. அதில் ஆள்பவர்கள் கறுப்பர்கள், ஒடுக்கப்படுபவர்கள் வெள்ளையர்கள். கேலம் என்ற வெள்ளைப் பையன் ஆளும் வர்க்கத்தின் பள்ளியில் சேரும் நாளில் வாசலில் கூட்டம் கூடிக் கத்துகிறது, 1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த கறுப்பு மாணவர்களுக்கு நடந்ததைத் திருப்பிப் போட்டிருக்கிறார். என்னை உலுக்கியது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரு வெள்ளைச் சிறுமியின் நெற்றியில் அடர்பழுப்பு பிளாஸ்திரி, ஏனென்றால் கடையில் வேறு நிறமே இல்லை.

தாழ்வாரம்:
நல்ல நாவல், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைப் பையன் அடிபட்டால்தான் நமக்கு வலி புரியும் என்றால், அது ரூ விஷயத்தில் நாம் செய்த அதே தவறு இல்லையா?

நூல்வண்டி:
சரியான கேள்வி. ஆனால் அந்த பிளாஸ்திரியைப் படித்த பிறகுதான் என் வீட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருடம் ஒட்டியிருக்கிறேன், அது எங்கள் வீட்டில் யார் தோலின் நிறமும் இல்லை.

மழைக்குருவி:
எட்டாவது படிக்கும் என் மகள் இன்னும் படம் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கக் கொடுத்து, ரூவை வரைந்து காட்டச் சொல்லப் போகிறேன்.