சொறி அடைத்தால் உலை நிற்கும்

குழு: சதுரங்கப்பட்டினம் சொந்தங்கள்

செல்வி: பிரான்சில் ஜெல்லிமீன், அதான் நம்ம சொறி, புகுந்து அணுமின் நிலையமே நின்றுவிட்டதாம். ராமலிங்கம் அண்ணே, உனக்குத்தான் கல்பாக்கம் நிலையத்து வேலை தெரியும், அங்கேயும் இப்படி ஆகுமா? கடலில் கதிர்வீச்சு கலந்துவிடாதா?

கவிதா: செய்தி உண்மைதான் அத்தை. ஊர் பெயர் கிராவலின். 2025 ஆகஸ்ட் 10 இரவு மூன்று உலைகள், மறுநாள் விடிகாலையில் நான்காவது. மற்ற இரண்டும் ஏற்கெனவே பராமரிப்புக்காக நின்றிருந்தன. யாருக்கும் ஆபத்தில்லை.

ராமலிங்கம்: பயப்படாதே செல்வி. கடல் தண்ணீர் உலைக்குள் போவதே இல்லை. மின்சாரம் எடுக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைக்கத்தான் அது. நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் குழாய்க்கு உள்ளே கடல்நீர், வெளியே நீராவி. இரண்டும் கலக்காது. தண்ணீர் வரத்து குறைந்தால் டர்பைன் நிற்கும், உலையையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் நின்ற உலையிலும் சூடு இருக்கும், அதைத் தணிக்கவும் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் கடல்நீர் உள்ளே வரும் வழியை அடைக்க விடக் கூடாது என்று அத்தனை பாடு.

கவிதா: எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் பெரியப்பா?

ராமலிங்கம்: கல்பாக்கத்தில் நொடிக்கு 35 கன மீட்டர். பெரிய தண்ணீர் லாரி மூன்று, ஒவ்வொரு நொடியும். கடலுக்கு அடியில் 468 மீட்டர் சுரங்கம் வழியாக பம்ப் ஹவுசுக்கு வருகிறது.

முருகன்: மாமா, வலையில் சொறி ஏறினாலே எங்களால் இழுக்க முடியாது, கையெல்லாம் எரியும். அங்கே எப்படி எடுப்பீர்கள்?

ராமலிங்கம்: முதலில் கம்பித் தடுப்பு, கட்டை, பெரிய குப்பையெல்லாம் அதில் நிற்கும். அப்புறம் சுழலும் சல்லடை. சங்கிலியில் மேலேறி வரும்போது, ஒட்டியிருப்பதைத் தண்ணீர் பீய்ச்சி வாய்க்காலில் தள்ளிவிடும். சல்லடைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். வித்தியாசம் கூடினால் அடைக்கிறது என்று அர்த்தம். சொறி கூட்டமாக வந்தால் நசுங்கிக் கூழாகிக் கண்ணி கண்ணியாக அப்பிக்கொள்ளும். ராப்பகலாக வாரிக் கொட்ட வேண்டியதுதான். வெயில் ஏறினால் அந்த நாற்றத்தில் சாப்பாடு இறங்காது.

செல்வி: குளோரின் போடுவார்கள் என்று சொல்வாயே?

ராமலிங்கம்: அது சிப்பியும் கொட்டலசும் சுரங்கத்திலும் குழாயிலும் ஒட்டி வளராமல் இருக்க. சொறிக்கூட்டத்துக்கு அது போதாது. ஸ்காட்லாந்தில் டார்னஸ் நிலையத்தின் இரண்டு உலைகளையும் 2011-இல் இதனால்தான் நிறுத்தினார்கள். 2013-இல் ஸ்வீடனில் ஒஸ்கர்ஷாம்ன் மூன்றாம் உலை.

கவிதா: அப்போ தடுக்கவே வழியில்லையா?

ராமலிங்கம்: கூட்டம் வருவது முன்கூட்டித் தெரிந்தால் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கலாம். சொறி கடலின் பொருள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. என் ஆதங்கம் நரம்பு வலை, அந்த நைலான் இழை வலை மேல்தான். ஒரு துண்டு போய்ச் சங்கிலியில் சுற்றிக்கொண்டால் சல்லடையே ஓடாது. கத்தியை வைத்து இழை இழையாக அறுக்க வேண்டும். அது நாம் போட்டது, முருகா.

முருகன்: மறுக்கவில்லை மாமா. கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தால் போட இடமில்லை, அதனால் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். பழைய வலை எடுக்கிற வியாபாரி மாதம் ஒரு தடவைதான் வருகிறார்.

ராமலிங்கம்: அவர் வரும்வரை என் கொல்லையில் கிடக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கரையைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும். பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் எல்லாம் கடலுக்கு வரும். கரையில் கிடக்கும் வலையையும் அலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

முருகன்: என்னிடமே மூன்று கட்டு இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர்களிடமும் கேட்கிறேன். நாளை கடலுக்குப் போகவில்லை, காலையில் வண்டியில் ஏற்றி வருகிறேன்.

ராமலிங்கம்: ஈயக்குண்டும் மிதவையும் கழற்றிவிட்டுக் கொண்டு வா.

செல்வி: அவனுக்கு எங்கே பொறுமை? நான் கூட வந்து பிரித்துத் தருகிறேன் அண்ணே. டீ மட்டும் போட்டு வை.