கலைச்சொல் விவாதம்: இசை மென்பொருளில் ‘குவாண்டைஸ்’ – நடைப்பொருத்தம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பள்ளியில் முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கணினி இசை கற்பிப்பதற்கான பயிற்சி ஏட்டுக்குச் சொல்லடைவு ஒன்று தேவைப்படுகிறது. தடம், சுழல், வேகம் போன்றவற்றில் சிக்கல் இல்லை. முட்டுவது ‘குவாண்டைஸ்’ ஒன்றில்தான்.

செயல் இதுதான். மாணவர் விசைப்பலகையில் வாசிக்கிறார். ஒவ்வொரு சுரமும் எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. திரையில் காலத்தைச் சம பங்குகளாகப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் தெரிகின்றன. இந்தக் கட்டளையைக் கொடுத்ததும் ஒவ்வொரு சுரமும் தனக்கு மிக அருகிலுள்ள கோட்டுக்கு நகர்கிறது. எந்தச் சுரம், எவ்வளவு உரப்பாக என்பவை மாறுவதில்லை. தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

கைவசம் உள்ளவை: குவாண்டமாக்கல், தாளச் சீராக்கம், கோட்டில் அணைத்தல். எனக்குச் ‘சீராக்கம்’ பிடித்திருக்கிறது. மாணவருக்குச் சட்டென்று விளங்கும். உங்கள் கருத்து?

– ஏட்டுத் தொகுப்பாளர்

*

தொகுப்பாளர் ஐயா,

மென்பொருள் தமிழாக்கத்தில் இருந்துகொண்டு பார்த்தால் மூன்றுமே இடிக்கின்றன.

‘அணை’ என்று ஒரு பொத்தானுக்குப் பெயர் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அது ஒலியை நிறுத்தும் பொத்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். விளக்கை அணைக்கும் அணைதான் முதலில் நினைவுக்கு வரும்.

‘குவாண்டமாக்கல்’ வேறு வகையில் குழப்பும். ஆங்கிலத்தில் இரண்டு செயல்களுக்கு ஒரே பெயர். ஒன்று நீங்கள் சொன்னது. மற்றொன்று, ஒலியை எண்ணாக மாற்றும்போது அதன் வீச்சை (ஒலியலையின் உயரத்தை) அருகிலுள்ள படிக்குக் கொண்டுபோவது. 16 பிட் பதிவில் 65,536 படிகள். 8 பிட்டில் 256 மட்டுமே, அதனால்தான் மெல்லிய ஒலிகள் கரகரக்கின்றன. இரண்டும் ஒரே பாட ஏட்டில் வரப்போகிறவை. ஆங்கிலத்தில் உள்ள இந்தச் சிக்கலைத் தமிழுக்கும் இழுத்துவர வேண்டாம். வீச்சுக்கு ‘படியாக்கம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

‘சீராக்கு’ என்பதோ பதிவின் ஒலியளவை உச்ச வரம்புவரை உயர்த்தும் கட்டளைக்கு ஏற்கெனவே பொருந்தி நிற்கிறது. ஒரே பட்டியலில் இரண்டு சீராக்கு இருக்க முடியாது.

வேண்டியது ஏவலாகச் சொல்லக்கூடிய வினை. அதிலிருந்தே பெயர்ச்சொல்லும் பிறக்க வேண்டும். ‘பாதியளவு செய்’, ‘செய்யாதே’ என்றெல்லாம் வாக்கியத்தில் இயல்பாக மடங்கவும் வேண்டும்.

– மென்பொருள் தமிழாக்கர்

*

> மாணவருக்குச் சட்டென்று விளங்கும்.

விளங்குவது தவறாக விளங்கும் என்பதே என் கவலை. சீராக்கம் என்று சொன்னால், அதற்கு முன் இருந்தது சீர்கெட்டது என்று ஆகிறது. கோட்டிலிருந்து 15 மில்லிநொடி பிந்தி விழும் அடி பல நேரம் பிழையே அல்ல; வாசிப்பவர் வேண்டுமென்றே பின்தங்கி விடும் அழகு அது. பன்னிரண்டு வயதில் ‘கோட்டில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு’ என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அதை மறக்கவைப்பது எளிதல்ல. சொல் நடுநிலையாக இருக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கட்டளையில் ஆசிரியர் எடுக்கும் முக்கியமான முடிவு ‘எந்தக் கோடுகள்’ என்பது. அதற்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: நடை. ஓர் அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, எத்தனை பங்காகப் பிரிக்கிறோம் என்பதுதான் நடை. சதுஸ்ரம் 4, திஸ்ரம் 3, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஆகவே என் முன்மொழிவு: நடைப்பொருத்து (வினை), நடைப்பொருத்தம் (பெயர்). கோடுகளுக்கு நடைக்கோடு. ‘தாளப்பொருத்தம்’ சரிவராது. தாளம் என்பது 8 அட்சரம் கொண்ட ஆதி தாளத்தைப் போன்ற முழுச் சுற்று. நாம் பேசுவது அட்சரத்தின் உட்பிரிவு.

நடையைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிலேயே காட்டலாம். வேகம் நிமிடத்துக்கு 60, அதாவது அட்சரத்துக்கு 1000 மில்லிநொடி. சதுஸ்ரக் கோடுகள் 0, 250, 500, 750-இல் இருக்கின்றன.

மாணவர் ‘தகிட’ என்று திஸ்ரம் வாசிக்கிறார்: 0, 333, 667. சதுஸ்ரக் கோட்டில் பொருத்தினால் 333 போய் 250-இல் உட்காரும். 667 போய் 750-இல் உட்காரும். சமமாக இருந்த மூன்று இடைவெளிகள் 250, 500, 250 ஆகின்றன. ‘தகிட’ போய் ‘தகி–ட’ வந்துவிட்டது.

கண்டத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘தகதகிட’: 0, 200, 400, 600, 800. இதில் 200 போய் 250, 400 போய் 500, 600-உம் 500, 800 போய் 750. மூன்றாவதும் நான்காவதும் ஒரே கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஐந்து அடி வாசித்த குழந்தைக்கு நான்குதான் கேட்கும். மென்பொருள் ஒன்றைத் தின்றுவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

‘நடைப்பொருத்து’ என்ற சொல்லே ‘எந்த நடைக்கு?’ என்ற கேள்வியை எழுப்பிவிடும். வேறு எந்தச் சொல்லும் இந்த வேலையைச் செய்வதில்லை.

– லய ஆசிரியர்

*

லய ஆசிரியரின் சொல்லுக்கு என் ஆதரவு. முப்பது பேரை ஒருசேர வைத்துக்கொண்டு பாடம் நடத்தும்போது எப்படிச் செல்லும் என்று பார்ப்போம். முப்பது பேருக்கு 15 கணினி, ஒவ்வொன்றிலும் இருவர், இருவருக்கும் ஒலி பிரித்துத் தரும் இரட்டைச் செருகி.

முதலில் கணினியைத் தொடவே கூடாது. வகுப்பு முழுதும் கையால் அட்சரம் போட்டுக்கொண்டு ‘தகதிமி’ சொல்லட்டும். பிறகு அதே வேகத்தில் ‘தகிட’. நடை மாறுவது உடம்பில் ஏறிய பின்பே திரைக்குப் போக வேண்டும். அடுத்து, வேகம் 60, முன்னெண்ணிக்கை 4 அட்சரம், பதிவு 8 அட்சரம் மட்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையால் அட்சரம் போடுகிறார். பிறகு இடம் மாறுகிறார்கள். பதிந்ததை உடனே இரண்டு படி எடுக்க வேண்டும். மூலப்பதிவின் மேலேயே பொருத்திவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஒரு படியைச் சதுஸ்ரத்திலும் மற்றதைத் திஸ்ரத்திலும் பொருத்தி, மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ‘எது நீ வாசித்தது? எது நீ வாசிக்க நினைத்தது?’ இந்த இரண்டு கேள்விகளே பாடம்.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் கம்பியில்லாக் காதணிதான். புளூடூத் வழி ஒலி காதுக்கு வர 100 மில்லிநொடிக்கு மேல் பிந்துவது சாதாரணம். அட்சரத்தைக் காட்ட மென்பொருள் எழுப்பும் தட்டொலியும் அப்படிப் பிந்தியே வருகிறது; அதைக் கேட்டு மாணவர் சரியாகவே வாசிக்கிறார். பதிவில் எல்லாச் சுரமும் அதே அளவு பிந்தி விழுகிறது. வேகம் 60-இல் சதுஸ்ரக் கோடுகளுக்கு நடுப்புள்ளி 125 மில்லிநொடி. பிந்தல் 150 என்றால் ஒவ்வொரு சுரமும் சரியான கோட்டை விட்டு அடுத்த கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். வேகம் 120-இல் நடுப்புள்ளி 62.5-தான், அங்கே 70 மில்லிநொடியே போதும், ஒரு கோடு தள்ளிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. எல்லாச் சுரமும் ஒரே கோடு தள்ளி இருந்தால் கருவியில் பிழை. சில மட்டும் தள்ளி இருந்தால் கையில். கருவிப் பிழை என்றால் முதலில் தடம் முழுவதையும் அந்த அளவு முன்னே இழுத்துவிட்டு, அதன் பிறகே நடைப்பொருத்த வேண்டும். முறை மாறினால் பிழை கோட்டோடு சேர்ந்து உறைந்துவிடும். கம்பியுள்ள காதணி மட்டுமே வகுப்புக்கு என்று ஏட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

ஒரே ஓர் ஐயம். மேற்கத்திய முறையில் அட்சரத்துக்கு 2 பங்கு, 8 பங்கு என்றும் கோடுகள் உண்டு. இவற்றுக்கு நடைப்பெயர் இல்லையே?

– பள்ளி இசை ஆசிரியர்

*

2, 8 இரண்டுமே சதுஸ்ரக் குடும்பம்தான். காலம் (வேகப் படி) மாறுகிறது, நடை மாறவில்லை. 2 என்றால் சதுஸ்ரத்தின் கீழ்க்காலம், 8 என்றால் மேல்காலம். அதேபோல் 6 என்பது திஸ்ரத்தின் மேல்காலம். பட்டியலில் எண்ணையே காட்டுங்கள்: ‘அட்சரத்துக்கு 2, 3, 4, 5, 6, 7, 8’. கர்நாடக இசை தெரியாத குழந்தைக்கும் எண் தெரியும்.

– லய ஆசிரியர்

*

நண்பர்களே, எதிர்க்குரல் ஒன்றும் பதிவாகட்டும். இந்த மாணவர்கள் நாளை திறக்கப்போகும் மென்பொருள்கள் பலவற்றில் தமிழ்ப் பட்டியலே இருக்காது. ‘குவாண்டைஸ்’ என்றே பழகினால் அங்கே தடுமாற மாட்டார்கள். கணினி, இணையம் வேரூன்றிவிட்டன. ஆனால் இவ்வளவு குறுகிய பயனுள்ள சொல் வேரூன்றுமா?

– ஒலிப்பதிவுப் பொறியாளர்

*

பொறியாளர் ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. சொல்லடைவில் ‘குவாண்டைஸ்’ என்பதைத் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே தருவோம். பட்டியலில் கண்டால் அடையாளம் தெரியும். ஆனால் விளக்கம் தமிழ்ச்சொல்லில்தான் நடக்க வேண்டும். ‘குவாண்டைஸ்’ என்று சொல்லிக் கற்றவர் பொத்தானின் இடத்தைத் தெரிந்துகொள்கிறார். ‘நடைப்பொருத்து’ என்று கற்றவர் அழுத்துவதற்கு முன் நடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறார்.

சுரத்தைக் கோட்டை நோக்கி எத்தனை விழுக்காடு நகர்த்துவது என்பதற்கும் சொல் வேண்டும். 40 மில்லிநொடி பிந்திய சுரத்தை 50 விழுக்காடு பொருத்தினால் 20 மில்லிநொடி பிந்தலாக நிற்கும். 100 விழுக்காட்டில் கோட்டிலேயே நிற்கும். இதற்குப் ‘பொருத்த அளவு’ போதும்.

சுரத்தின் முடிவையும் பொருத்தலாமா என்பது தனித் தெரிவு. அது இயல்பில் அணைந்தே இருக்கட்டும். குறுகிய சுரத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கோட்டுக்குப் போய்விட்டால் சுரத்துக்கு நீளமே இருக்காது.

– மென்பொருள் தமிழாக்கர்

*

அனைவருக்கும் நன்றி. ‘சீராக்கம்’ வேண்டாம் என்பது இப்போது எனக்கும் தெளிவு. ஏட்டில் சேரும் பதிவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

நடைப்பொருத்து (வினை), நடைப்பொருத்தம் (பெயர்): பதிந்த சுரங்களின் தொடக்கத்தை, தேர்ந்தெடுத்த நடையின் மிக அருகிலுள்ள கோட்டுக்கு முழுதாகவோ பகுதியாகவோ நகர்த்துதல். மென்பொருள் பட்டியல்களில்: குவாண்டைஸ். காட்டு: ‘இந்தத் தடத்தைத் திஸ்ரத்துக்கு நடைப்பொருத்து, பொருத்த அளவு 60.’

நடைக்கோடு: அட்சரத்தைச் சம பங்குகளாகப் பிரித்துத் திரையில் காட்டும் செங்குத்துக் கோடு.

பொருத்த அளவு: சுரம் கோட்டை நோக்கி நகரும் தொலைவின் விழுக்காடு.

படியாக்கம்: ஒலியின் வீச்சை அருகிலுள்ள எண்படிக்குக் கொண்டுவருதல். நடைப்பொருத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதிவான குரலுக்கு இதே சொல்லை நீட்டவில்லை. அங்கே ஒலியை வெட்டி, நீட்டி, சுருக்கித்தான் நகர்த்த முடியும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ ஒலி வருவதும் உண்டு. அதற்கு வேறு சொல் தேவையா, ‘குரல் நடைப்பொருத்தம்’ என்று அடைகொடுத்தால் போதுமா? இரட்டைக் கோடுகளில் இரண்டாவதை மட்டும் தள்ளி வைக்கும் ‘ஸ்விங்’குக்கும் சொல் இல்லை. இரண்டையும் தனித்தனி இழையில் தொடங்குகிறேன்.

– ஏட்டுத் தொகுப்பாளர்