ஒரு ஹெக்டேருக்கு எத்தனை எலிகள்? பொறிகள் வைத்த நிலப்பரப்பால் வகுக்கலாமா?

புல்வரப்பு:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காகப் புல்வெளி எலிகளைக் கணக்கெடுக்கிறேன். உயிரோடு பிடிக்கும் பெட்டிப்பொறிகள் 100. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து, இடைவெளி 10 மீட்டர். முதல் சுற்றில் அகப்பட்ட 30 எலிகளுக்கு அடையாளமிட்டு விட்டேன். இரண்டாம் சுற்றில் 25 அகப்பட்டன; அவற்றில் 15 அடையாளம் உள்ளவை. 30-ஐ 25-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் மொத்தம் 50. பொறிகள் அடைத்த நிலம் 0.81 ஹெக்டேர். அப்படியானால் ஹெக்டேருக்கு 62 என்று எழுதலாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒரு மூலையில் எப்போது பார்த்தாலும் ஒரே பெண் எலிதான் விழுகிறது. அங்கே வேறு எலி இல்லை என்று கொள்ளலாமா?

காட்டுத்தடம்:
தம்பி, 62 என்று எழுதிவிடாதீர்கள். 50 என்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை (சிறு எண்ணிக்கையில் இந்தக் கணக்கு சற்றுக் கூட்டிக் காட்டுவதைச் சரிசெய்யும் சாப்மன் திருத்தம் போட்டால் 49 வரும், அதையே பயன்படுத்துங்கள்). கோளாறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது.

ஓரப் பொறியில் விழும் எலிக்கு உங்கள் கட்டம் எங்கே முடிகிறது என்று தெரியாது. ஓர் எலி நடமாடும் பரப்பின் குறுக்களவு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு 20 மீட்டர் வெளியே குடியிருக்கும் எலியும் உங்கள் பொறிக்கு வரும். நாற்புறமும் அந்த 20 மீட்டரைச் சேர்த்தால் பக்கம் 130 மீட்டர், பரப்பு 1.69 ஹெக்டேர். 62 என்றது 30 ஆகிவிடுகிறது! எலிகள் அதே எலிகள், பொறிகளும் அதே பொறிகள். அதனால் ஒரே எலி எந்தெந்தப் பொறிகளில் விழுந்தது, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை முதலில் கணக்கிடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் அது ஏற்கெனவே இருக்கும். எஃபோர்ட் என்ற ஆய்வாளர் 2004-இல் முன்வைத்த முறை, பிடிபட்ட இடங்களைக் கொண்டே அடர்த்தியை நேரடியாக மதிப்பிடுகிறது. இன்று நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி அந்த மூலைப் பெண் எலி. விலங்கு நடமாடும் இடம் முழுவதையும் அது காப்பதில்லை. மற்றவற்றை விரட்டிக் காப்பது அதில் ஒரு பகுதியைத்தான். பர்ட் என்ற விலங்கியலாளர் இந்த இரண்டையும் 1943-இலேயே பிரித்துக் காட்டிவிட்டார். பல எலி இனங்களில் இனப்பெருக்கக் காலத்துப் பெண்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொள்ளும்; ஆண்கள் பல பெண்களின் எல்லைகளுக்குக் குறுக்கே திரியும். நாளை அந்த எலியைப் பைக்குள் விட்டுப் பிடரியைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். முலைக்காம்பு துருத்தி, அதைச் சுற்றி மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தால் பால் கொடுக்கும் தாய். அதைப் பொறி எண்ணுக்கு எதிரே குறித்து, பெண்களை மட்டும் தனி வரைபடத்தில் ஏற்றுங்கள். வேலிகள் தாமாகத் தெரியத் தொடங்கும்.

அங்கே வேறு எலி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் முதலில் நுழைந்தால் கதவு மூடிவிடும், பின்னால் வருவது வெளியேதான் நிற்கும். புள்ளிக்கு இரண்டு பொறி வையுங்கள். எல்லை கிடைக்காத இளம் எலிகள் ஓரங்களில் பதுங்கியிருப்பதும் வழக்கம். வெள்ளைக்கால் எலிகளைக் கொன்று அகற்றிய நிலத்துக்குள் சுற்றுப்புற எலிகள் நகர்ந்து வந்ததை ஸ்டிக்கல் என்ற ஆய்வாளர் 1946-இல் பதிவு செய்தார். அகற்றி எண்ணினால் பக்கத்து நிலத்து எலிகளையும் சேர்த்து எண்ணுகிறோம் என்பதுதான் அதன் பொருள்.

கூழாங்கல்:
பொறியே வேண்டாத இனங்களும் உண்டு. நீர்க்கரையில் வாழும் நீர்வோல் என்ற எலியினத்தில், இனப்பெருக்கக் காலப் பெண்கள் எல்லை நெடுகப் புழுக்கைக் குவியல் இடும். பின்னங்காலால் விலாச் சுரப்பியைச் சொறிந்து, அந்த மணத்தோடு குவியலை மிதித்துத் தட்டையாக்கும். புதுப் புழுக்கைக்கு அடியில் மிதிபட்ட பழையது அடுக்காகத் தெரியும். கரையோரம் நடந்து இவற்றை எண்ணினாலே அங்குள்ள எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்று காட்டும் ஒரு குறியீட்டு எண் கிடைக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் எல்லைக்காவல் தளர்ந்துவிடும். அப்போது குவியல் குறைந்ததை வைத்து விலங்கு குறைந்தது என்று எழுதினால் பெரும் பிழை. பிக்கா என்ற பாறைமுயலுக்கு, அது குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் வைக்கோல் குவியல் இருக்கிறது. அதில் இந்த ஆண்டுப் புல்லா, பழையதா என்று பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

புல்வரப்பு:
நன்றி அக்கா, நன்றி கூழாங்கல். தூரங்களைக் கணக்கிட்டேன். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நல்ல வேறுபாடு தெரிகிறது, ஆண்கள் வெகுதூரம் போகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்கலாமா?

காட்டுத்தடம்:
கூடாது. தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் கலந்த சராசரி பெண்களுக்கும் பொருந்தாது, ஆண்களுக்கும் பொருந்தாது. எந்த மாதம் எண்ணினீர்கள் என்பதையும் அடர்த்தியோடு சேர்த்தே எழுதுங்கள். புள்ளிக்கு இரண்டு பொறியாக்கும்போது ஒன்றை மறவாதீர்கள்: எலிப்பொறியில் தவறி விழும் சிறிய மூஞ்சூறுகள் சில மணி நேரம் இரையில்லாவிட்டால் செத்துவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் காய்ந்த புல்லோடு புழுவும் வையுங்கள், விடியும் முன்பே சுற்றுக்குக் கிளம்புங்கள். அவ்வளவு பொறிகளைச் சுற்றிவர ஆள் போதவில்லையென்றால் பொறிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள்.