பொருள்: மறு: ‘கிக்’ தொழிலாளருக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி வாங்கும் ‘கிக்’ (gig) தொழிலாளருக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘தற்சார்புப் பணியாளர்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். கேட்கவும் நன்றாக இருக்கிறது.

கேட்க நன்றாக இருப்பதுதான் சிக்கலே ஐயா. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவரும் கார் ஓட்டுபவரும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களா, நிறுவனத்தின் ஆட்களா என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வழக்கு நடக்கிறது. நாம் பட்டியலில் ‘தற்சார்பு’ என்று எழுதிவிட்டால் நிறுவனத்தின் வக்கீலுக்கு வேலையே இல்லை, பெயரிலேயே தீர்ப்பு வந்துவிடும். ‘செயலி ஊழியர்’ என்று எழுதச் சொன்ன கோவை நண்பருக்கும் இதே பதில்தான். அவர் மறுபக்கத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறார். மனதளவில் நான் அவர் பக்கம். ஆனால் அகராதியில் பக்கம் சாயக் கூடாது.

‘கிக்’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று. அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பிழைப்பு இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் கேட்டால் விளக்கம் கிடைக்கும். ‘கிக் தொழிலாளர் நலவாரியம்’ என்ற செய்தியை வாசித்துவிட்டு, ‘குடிக்கிறவனுக்குமா வாரியம்?’ என்று என் பெரியப்பா நிஜமாகவே கேட்டார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நாடு முழுவதற்குமான 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று. ஒருவர், வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர். இவர்தான் ‘கிக்’. இரண்டாமவர் இணையத் தளம் வழியாக வேலை பெறுபவர். மூன்றாவது, வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் டிஜிட்டல் இடையாள், அதாவது ‘அக்ரிகேட்டர்’. இந்த மூன்றாமவர் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகை, தொழிலாளர்களுக்குக் கொடுத்ததில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. கவனித்தீர்களா, இவர்கள் யாருடைய தொழிலாளர் என்ற கேள்விக்கே தொகுப்பு போகவில்லை. ‘வழக்கமான உறவுக்கு வெளியே’ என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, அங்கேயே ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் தனிச் சட்டம் போட்டன. நம் அரசு 2023 டிசம்பரில், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஒரு நலவாரியம் அமைத்தது. ஆக, நம் மாநிலத்தில் இவர்கள் ஏற்கெனவே ‘தொழிலாளர்’. அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதால் நாம் யாருக்கும் சாதகம் செய்ததாகாது.

ஆனால் ‘தொழிலாளர்’ என்று எழுதினால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும் என்றும் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பிரிட்டனில் மூன்று படிகள் இருக்கின்றன. மேல்படியில் முழு உரிமை உள்ள பணியாளர், கீழ்ப்படியில் சுயதொழில்காரர், நடுவில் ‘வொர்க்கர்’ என்று ஒருவர். 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்களை நடுப்படியில் வைத்தது. குறைந்தபட்ச ஊதியம் கிடைத்தது, சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. செயலியைத் திறந்துவைத்துச் சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே என்றார்கள். நியாயமில்லாமல் நீக்கினால் வழக்குப் போடும் உரிமை மட்டும் மேல்படிக்காரர்களுக்கே உரியது. இதைத் தமிழில் ‘ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு’ என எழுதினால் இங்கே வாசிப்பவர் என்ன நினைப்பார்? நம்மிடம் 1947 தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து ‘தொழிலாளர்’ என்றால் நீக்கத்தை எதிர்த்து வழக்காடக்கூடியவர். அங்கே பாதி தூரம் வந்த ஆளை இங்கே நாம் வீடு வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். போதாததற்கு, தமிழில் ஊழியர், தொழிலாளர் என்ற வேறுபாடு சட்டையைப் பார்த்து வந்தது. வங்கி என்றால் ஊழியர், மில் என்றால் தொழிலாளர். உரிமையின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே பிரிட்டன் செய்தி வரும்போது ‘இடைநிலைத் தொழிலாளர்’ என்று எழுதுவோம். அழகில்லைதான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

கலிபோர்னியா கதையில், நிறுவனத்தின் பணியாளர் இல்லை என்று சொல்வதற்கு வரும் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ (இன்டிபென்டன்ட் காண்ட்ராக்டர்) எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. சேலத்தில் காண்ட்ராக்டர் என்றால் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, வாசலில் பெரிய வண்டி. வெயிலில் பை சுமக்கும் பையனை அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். அங்கே 2019-இல் வந்த சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. வேலை செய்கிறவரைப் பணியாளர் என்றே முதலில் எடுத்துக்கொள், இல்லை என்றால் நிறுவனம் நிரூபிக்கட்டும் என்றது. அடுத்த வருடமே நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து வாக்கெடுப்பில் ஜெயித்து, செயலி ஓட்டுநர்களுக்கு மட்டும் விலக்கு வாங்கின. 2024-இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கு செல்லும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் இதே எண்ணத்தை 2024-இல் ஆணையாக்கி, உறுப்பு நாடுகளுக்கு 2026 டிசம்பர் வரை கெடு வைத்திருக்கிறது. இதற்கு ‘பணியுறவு அனுமானம்’ போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே நிலைமை தலைகீழ். தொழிலாளி என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று நம் பக்கத்து மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டி வழக்கு. நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மண்டியில் மூட்டை தூக்கியவர்களும் தரம் பிரித்தவர்களும் சங்கத்தின் தொழிலாளர் அல்ல என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவில் வெறுமனே இடம் கொடுப்பவர் என்ற இந்த வாதத்தை இன்றைய செயலிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே நீதிமன்றம் 1956-இல் உப்பளத்தில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களை, குடும்பத்தோடு உழைத்தாலும், தாங்களே கூடுதல் ஆள் வைத்துக்கொண்டாலும், எடைக்குத்தான் காசு வாங்கினாலும் தொழிலாளர்தான் என்று சொல்லியிருக்கிறது. இரண்டு பக்கமும் நம் கையில் முன்னுதாரணம் உண்டு.

எனக்கு இது எங்கள் சேலத்து அம்மாபேட்டை, குகைப் பக்கத்துக் கூலி நெசவு மாதிரிதான் தெரிகிறது. தறி நெசவாளியுடையது, வீடு அவருடையது, கரண்ட் பில்லும் அவருடையது. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், முதலாளி கொடுப்பார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே யாரும் ‘தறி சொந்தமா?’ என்று கேட்டு ஆளை எடை போடுவதில்லை. ‘பாவு யாருது?’ என்றுதான் கேட்பார்கள். சொந்தமாகப் பாவு போட்டு, நெய்து, விலை சொல்லி விற்பவர் வேறு ரகம். வண்டியும் பெட்ரோலும் பையனுடையதாக இருக்கலாம். வாடிக்கையாளர் யாருடையவர், விலை வைப்பது யார் என்பதுதான் கேள்வி.

போன வாரம் ஐந்து ரோட்டில் ஒரு ஹோட்டல் வாசலில் நாலைந்து பேர் வண்டி மேல் உட்கார்ந்து ஆர்டருக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் தன் போனைக் காட்டினார். மேலே ‘வணக்கம் பார்ட்னர்’ என்று கைகூப்பிய படம். கீழே அன்றைய கணக்கு, மறுத்த ஆர்டர் எத்தனை என்று சிவப்பில் ஒரு எண், அடுத்த மணி நேரத்துக்கான ரேட். அந்த ரேட்டை யார் வைத்தது என்று கேட்டேன். ‘அதுவா வரும்ணா’ என்றார். நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது ‘அவனுக்கு ஐடி போயிருச்சு’ என்றார். வேலை போயிற்று என்ற பேச்சே அங்கே இல்லை. இப்படிச் செயலியிலிருந்து நீக்குவதற்கு நம் பட்டியலில் இருக்கும் ‘கணக்கு முடக்கம்’ வங்கிக் கணக்கு போல ஒலிக்கிறது. கர்நாடகச் சட்டம் நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் கேட்கிறது. அந்த இடத்தில் ‘பணித்தடை’ என்று எழுதலாமா?

இப்போது என் முன்மொழிவு. தளம் வழியாக வேலை பெறுபவருக்குச் ‘செயலிவழித் தொழிலாளர்’. எப்படி வேலை வருகிறது என்று மட்டும் சொல்கிறது, வாய்க்கும் எளிது. ‘தளம்’ வேண்டாம், அது இணையதளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கும் போய்விட்டது. ‘கிக்’ வேலைக்கு ‘நடைப்பணி’. லாரிக்காரரும் ஆட்டோக்காரரும் ‘ஒரு நடைக்கு எவ்வளவு?’ என்றுதானே பேசுகிறார்கள். ஒவ்வொரு நடையும் தனி வேலை, தனிக் கூலி, அடுத்த நடைக்கு உத்தரவாதம் கிடையாது. வீட்டுக்கு வந்து குழாய் சரிசெய்பவரையும் ‘ஒரு நடை வந்துட்டுப் போங்க’ என்கிறோம். நடைப்பயிற்சி மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பவர்கள் நாலு தடவை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

‘அக்ரிகேட்டர்’ பற்றி: வலைப்பதிவுக் காலத்திலிருந்து, பலருடைய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் ‘திரட்டி’ நமக்குத் தெரியும். அது பதிவுகளை வரிசைப்படுத்தியதோடு சரி, எழுதுகிறவனுக்குக் கூலி நிர்ணயிக்கவில்லை. இந்த நிறுவனங்களுக்கு அந்தப் பெயர் சாதுவாக இருக்கிறது. ஆனாலும் சட்டமே அவர்களை இடையாள் என்றுதான் வரையறுக்கிறது. சட்டத்தை மொழிபெயர்க்கும்போது ‘திரட்டி’யே இருக்கட்டும், சட்டத்தைத் திருத்துவது நம் வேலை இல்லை. ‘பார்ட்னர்’ மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே கிடக்கட்டும். அது கலைச்சொல் இல்லை, விளம்பரம்.

மேலாளருக்குப் பதிலாகக் கணினி நிரலே வேலை பிரித்து, ரேட் வைத்து, ஆளை நீக்கும் ‘அல்காரிதம் மேலாண்மை’க்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிப் பாடநூலின் ‘நெறிமுறை’யைப் போட்டால் ‘நெறிமுறைப்படி நீக்கப்பட்டார்’ என்று வரும். வேறு வினையே வேண்டாம்.

— சேலத்திலிருந்து

*

தம்பி, நடைப்பணி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்தே கணினியில் படம் வரைந்து கொடுக்கிற பெண்ணுக்கு எது நடை?

கடைசிக் கேள்விக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு பழைய சொல் தருகிறேன்: கங்காணி. ஆள் பிடித்து வந்தவன், வேலை பிரித்தவன், கூட நின்று பார்த்தவன், கூலியில் கை வைத்தவன் எல்லாம் ஒரே ஆள். ‘கண்காணி’தான் மருவி அப்படி ஆனது. உங்கள் பையன் ‘அதுவா வரும்ணா’ என்றானே, அந்த ‘அது’வுக்கு முகம் வேண்டும். ‘செயலிக் கங்காணி’ என்று எழுதுங்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, செய்கிற வேலையைச் சொல்கிறேன்.

— ஏற்காட்டிலிருந்து

*

டீச்சரம்மா, கணினிப் பெண்ணைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை. ‘ஒரு நடை’ என்றால் ‘ஒரு தடவை’ என்ற பொருளும் இருப்பதால் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

கங்காணி கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பக்கம் சாயக் கூடாது என்று மேலே எழுதிவிட்டு அதைச் சட்டப் பட்டியலில் போட முடியாது. மலைக்காட்டில் அந்தச் சொல் வாங்கிய சாபம் கொஞ்சமில்லை. சட்ட வழக்குக்குச் ‘செயலிவழிக் கண்காணிப்பு’, கட்டுரைக்கும் மேடைக்கும் ‘செயலிக் கங்காணி’ என்று இரண்டையும் ஏற்றுகிறேன். வேர் ஒன்றுதான் என்பதால் வாசிப்பவருக்குக் குழப்பம் வராது.

ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் மற்றவற்றையும் சேர்த்துவிடுவேன். ‘இன்சென்டிவ்’ இன்னும் பாக்கி. ‘ஊக்கத்தொகை’ என்பது விளையாட்டு வீரருக்கும் மாணவருக்கும் கொடுப்பது. இது குறித்த எண்ணிக்கை நடை முடித்தால்தான் வரும், ஒன்று குறைந்தாலும் மொத்தமும் போய்விடும். லாரி ஷெட் பக்கம் யாருக்காவது அதற்கு ஒரு சொல் தெரிந்தால் அனுப்புங்கள்.